பேச்சி மகன் இன்னும் பால் குடிக்கிறான்

காட்டுக்கு நடுவுல சேத்துமடுன்னு ஒரு குளம். அங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு தண்ணிக்காக வர்றதில்ல. அடுத்தவங்களைப் பாக்க வர்றாங்க. தண்ணி குடிக்கிறது ரெண்டு மடக்கு, பேச்சு பொழுது சாயிற வரைக்கும்.

அந்தக் குளத்துக்கு வர்ற யானை ஒருத்தி பேரு பேச்சி. அவ மகன் உருளி. மூணு வயசு முடிஞ்சு நாலு நடக்குது. பயலுக்கு மூங்கில் முறிக்கத் தெரியும். மரப்பட்டை உரிக்கத் தெரியும். பலாப்பழத்தைக் காலால மிதிச்சுப் பொளந்து சுளை எடுக்கவும் தெரியும். எல்லாத்தையும் தின்னு முடிச்சு, ஒரு ஏப்பம் விட்டுட்டு, நேரா அம்மாகிட்ட போயிப் பால் குடிப்பான்.

யானைக்குப் பால்மடி பின்னாடி இல்ல, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல. சின்னதுல உருளி நின்னபடியே எட்டிக் குடிச்சான். இப்ப ஆளு வளந்துட்டான். தலையக் குனிஞ்சு, முட்டிய மடக்கி, தும்பிக்கையத் தூக்கி நெத்தி மேல போட்டுக்கிட்டு, கட்டிலுக்கு அடியில போன செருப்பை எடுக்கப் போற மாதிரி உள்ள நுழைவான். முக்கால்வாசி உடம்பு வெளிய நிக்கும். வால் மட்டும் சந்தோஷமா ஆடிக்கிட்டு இருக்கும்.

இதைப் பத்திக் கரையில எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்துச்சு.

முதல் அபிப்பிராயம் சிங்காரியோடது. சிங்காரி ஒரு பொட்டை மயில். பேருதான் சிங்காரி, தோகையெல்லாம் வீட்டுக்காரருக்கு. அவ பரம்பரையிலயே யாருக்கும் பால் கிடையாது. முட்டை போடுவா, அடைகாப்பா, குஞ்சு வெளிய வந்ததும் பூச்சியக் காட்டி, அந்தா இருக்கு கொத்திக்கோன்னு விட்டுடுவா. அதனாலயோ என்னமோ, பால் விஷயத்துல அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல. எத்தனை மாசம் குடுக்கணும், எப்ப நிறுத்தணும், நிறுத்தாட்டி பிள்ளைக்கு என்னென்ன கோளாறு வரும்னு மூச்சு விடாம சொல்லுவா.

அடுத்தது மூக்காயி, காட்டுப்பன்னி. அவளுக்கு ஒரு ஈத்துக்குக் குட்டிங்க வரிசையா வந்து விழும். எங்க வீட்டுல வந்தமா, குடிச்சமா, எந்திரிச்சமான்னு இருக்கணும், பந்தியில அடுத்த ஆளு நிக்குதுல்லன்னு சொல்லுவா. உருளிய நினைச்சு அவளுக்குக் கோவம் எல்லாம் இல்ல. ஒரே ஆளு பந்தியில வருஷக்கணக்கா உக்காந்திருக்கானேன்னு ஆச்சரியம்தான்.

மூணாவது ஆளு செம்பாயி. அவ கடமான். ஆரம்பத்துல அவ எதுவுமே பேசல. உருளியோட வால் ஆடுறதையே பாத்துக்கிட்டு நிப்பா. வால் ஆட ஆட, அவளுக்கு நெஞ்சுக்குள்ள மொளகாப்பழத்தைப் பிழிஞ்சு விட்ட மாதிரி இருக்கும்.

காரணம் அவ மகன் துள்ளான்.

துள்ளான் குட்டியா இருந்தப்ப இதே கரை இவளையும் பேசுச்சு. ஓடத் தெரிஞ்ச பிள்ளைக்கு என்னத்துக்குப் பாலுன்னு சிங்காரி கேட்டா. நாலு பேரு சிரிச்சாங்க. செம்பாயிக்கு வெக்கமாப் போச்சு. அவன் நிறுத்துறதுக்கு முன்னாடியே இவ நிறுத்திட்டா. அவன் அன்னைக்கு ஒரு நாள் முட்டி முட்டிப் பாத்தான். அப்புறம் முட்டுறதை விட்டான். அப்புறம் பக்கத்துல படுக்குறதையும் விட்டான். இப்ப கொம்பு மொளைக்க ஆரம்பிச்சிடுச்சு. விடலைப் பசங்களோட சுத்துறான். வழியில அம்மாவப் பாத்தா, எங்கயோ பாத்த முகம் மாதிரி தலையாட்டிட்டுப் போறான்.

செம்பாயி கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரே ஒரு தரம் அவன் தானா வந்து அவ கழுத்துக்குக் கீழ தலைய வைக்கணும். அவ நக்கிக் குடுக்கணும். மானுக்கு அம்மா நக்குறதுதான் குளியல், அதுதான் தாலாட்டு, அதுதான் மருந்து. அவன் வரவே இல்ல. இங்க என்னடான்னா, ஒரு குட்டிப் பாறை அளவுக்கு இருக்கிற பய தினமும் அம்மாகிட்ட போயி ஒட்டிக்கிட்டு நிக்கிறான்.

இதைத் துக்கம்னு வெளிய சொல்ல அவளுக்குக் கூச்சமா இருந்துச்சு. அதனால ஒழுக்கம்னு பேரு வச்சுக்கிட்டா.

ஒரு நாள் மத்தியானம் சிங்காரியையும் மூக்காயியையும் கூட்டிக்கிட்டு நேரா பேச்சிகிட்ட போனா.

"பேச்சியக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத."

"சொல்லு, அப்புறமா நினைச்சுக்குறேன்"னா பேச்சி.

"பிள்ளைகுட்டிங்க வந்து போற இடம் இது. இம்புட்டுப் பெரிய ஆம்பளப் பய எல்லாரும் பாக்க இப்படிக் குடிக்கிறது, ஒரு மாதிரியா இருக்குக்கா."

"அப்ப பாக்காத."

"எப்படிப் பாக்காம இருக்குறது? ரெண்டு பேரும் சேந்து நின்னா எங்களுக்கு அந்தப் பக்கத்து மலையே தெரியல."

பேச்சி காதை ஒரு தரம் விசிறிக்கிட்டா. "குடுக்குறது நான். குடிக்கிறது என் மகன். உனக்கு எதுக்குச் செம்பாயி தொண்டை காயுது?"

கரையில இருந்த தவளைங்க வரைக்கும் சிரிச்சுதுங்க. மூக்காயி கூடச் சிரிச்சிட்டா. அப்புறம்தான் தான் எந்தக் கட்சின்னு அவளுக்கு ஞாபகம் வந்து நிறுத்துனா.

செம்பாயி சிரிக்கல. தொண்டைன்னு பேச்சி சும்மா சொன்னதுதான். ஆனா அது சரியாப் போயி விழ வேண்டிய இடத்துல விழுந்துடுச்சு.

அன்னையிலருந்து அவ சும்மா இருக்கல. பால் மறக்காத யானைக்குத் தந்தம் மொளைக்காதுன்னு கிளப்பி விட்டா. மொளைச்சாலும் வாழைத்தண்டு மாதிரி கொழகொழன்னு இருக்குமாம். சிங்காரி அதுல கொஞ்சம் சேத்தா. தும்பிக்கையும் நாளாக நாளாகச் சுருங்கி, கடைசியில பன்னி மூக்கு மாதிரி ஆயிடுமாம். அதுல என்ன கெட்டுப் போச்சுன்னு மூக்காயி ஒரு நாள் பூரா அவகிட்ட பேசல.

பேச்சி வெளிய சிரிச்சா. ஆனா பேச்சுன்னு ஒண்ணு இருக்கே, அது எவ்வளவு தடிச்ச தோலுக்குள்ளயும் பூந்துடும். ஒரு நாள் உருளி பால் குடிக்க வந்தப்ப, அவனைக் கூட்டிக்கிட்டு மூங்கில் புதருக்குப் பின்னாடி போனா. யானை மூங்கில் புதர்ல மறைஞ்சா எப்படி இருக்கும்? இந்தப் பக்கம் காது தெரிஞ்சுது, அந்தப் பக்கம் மகன் தெரிஞ்சான்.

உடனே கரை புதுசா ஒண்ணு பேசுச்சு. பாத்தீங்களா, தப்புன்னு அவளுக்கே தெரியுது, அதான் ஒளியிறான்னு சொன்னாங்க. நேத்து வரைக்கும் எல்லாரும் பாக்கக் குடுக்குறாளேன்னு சொன்னதும் இதே வாய்ங்கதான்.

"ம்மா, ஏன் இங்க வந்து முள்ளுக்குள்ள நிக்கிறோம்?"னு உருளி கேட்டான்.

பேச்சி யோசிச்சுப் பாத்தா. மறுநாள் பழையபடி கரைக்கே வந்து நின்னா.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. துள்ளானுக்கும் உருளிக்கும் பழக்கம் உண்டு. உருளி முறிச்சுப் போடுற கிளையில இருக்கிற தழை துள்ளானுக்கு எட்டும். ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் அப்படி மேஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பின்னாடி உண்ணிச்செடிப் புதருக்குள்ள செம்பாயி நின்னா. மகன் பேசுற சத்தத்தைக் கேக்க அவளுக்கு இருந்த வழி அது ஒண்ணுதான்.

"டேய் உருளி, நெசமாவே பால் வருதா?"ன்னு துள்ளான் கேட்டான்.

"கொஞ்சூண்டு வரும்."

"அதுக்கா முட்டி தேய உள்ள போற?"

"உள்ள போயிட்டா அம்மா வயித்துல கடகடன்னு ஒரு சத்தம் கேக்கும்டா. அப்ப வேற எதுவும் கேக்காது. மயிலு பேசுறது கூட."

துள்ளான் ஒரு தழையை ரொம்ப நேரம் மென்னான். "எங்க அம்மா வயித்துலயும் சத்தம் கேக்கும். நான் கேட்டிருக்கேன்"னு சொன்னான். சொல்லிட்டு, இன்னும் இங்க நின்னா வேற எதாவது சொல்லிடுவோமோங்கிற மாதிரி துள்ளிக் குதிச்சு ஓடிட்டான்.

வேற ஒருத்தியா இருந்தா பின்னாடியே ஓடியிருப்பா. செம்பாயியோட காலும் ஒரு அடி முன்னாடி போச்சு. ஆனா பொறாமை இருக்கே, அது பக்கத்துல இருக்கிற மகனை மறைச்சுட்டு தூரத்துல இருக்கிற எதிரியக் காட்டும். அவ உருளியத்தான் பாத்தா. இவன் குடிக்கிறதாலதான என் மகனுக்குத் தனக்கு இல்லாதது தெரியுதுன்னு நினைச்சா. இவனும் நிறுத்திட்டா யாருக்குமே இல்லன்னு ஆயிடும். யாருக்குமே இல்லாத ஒண்ணுக்கு யாரும் ஏங்க மாட்டாங்கன்னு ஒரு கணக்குப் போட்டா.

துள்ளானுக்குப் பால் மறக்கடிக்க அவ வேப்பங்கொழுந்தை மென்னு மடியில தடவித்தான் நிறுத்துனா. ஒரே நாள். வாய் வச்சான், துப்புனான், அவ்வளவுதான். அதே வைத்தியத்தை இங்கயும் செஞ்சுடலாம்னு முடிவு பண்ணிட்டா.

மறுநாள் காலையிலயே சிங்காரி காதுல விஷயத்தைப் போட்டு வச்சா. சிங்காரி காதுல போட்டது எதுவும் அங்க தங்காதுன்னு அவளுக்குத் தெரியும். அது தங்கக் கூடாதுன்னுதான் போட்டா. அப்புறம் பேச்சிகிட்ட போயி, அக்கா உனக்கு முன்னங்கால் இடுக்குல உண்ணி ஏறியிருக்கு, தும்பிக்கை எட்டாத இடம், நான் வேணும்னா எடுத்து விடுறேன்னு சொன்னா. உனக்கு எதுக்குச் சிரமம்னு பேச்சி சொன்னா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல, இதோ வந்துடுறேன்னு சொல்லிட்டு செம்பாயி வேப்பமரத்துப் பக்கம் போனா.

கொழுந்தை வாய் நிறைய அடைச்சா. மென்னா. கண்ணுல தண்ணி வந்துச்சு. இன்னும் கொஞ்சம் அடைச்சா. பெரிய பயலுக்குப் பெரிய கசப்பா வேணும்ல. நாக்கு மரத்துப் போற வரைக்கும் மென்னுட்டு, வாயை மூடிக்கிட்டு வந்து பேச்சி வயித்துக்கு அடியில பூந்தா.

மேல இருந்து பேச்சியோட குரல் வந்துச்சு.

"செம்பாயி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உன் மகன் உன்கிட்ட வர்றதில்லன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சே குத்துன மாதிரி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காத."

செம்பாயிக்கு எதாவது சொல்லணும்னு இருந்துச்சு. வாய் நிறைய வேப்பங்கொழுந்து. பேச வாயைத் திறந்தா எல்லாம் கீழ விழுந்துடும்.

"ம்ம்"னு மட்டும் சொன்னா. சொல்லிட்டு, மடி பூரா தடவுனா.

மத்தியானம் சேத்துமடுவுல திருவிழாக் கூட்டம். சிங்காரி தன் சொந்தம் பந்தம் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வந்து பாறை மேல இடம் பிடிச்சிருந்தா. மூக்காயி குட்டிங்களை முன் வரிசையில உக்கார வச்சா. தண்ணி குடிக்க வந்த காட்டெருமை ஒருத்தரு, இங்க என்ன விசேஷம்னு கேட்டுட்டு அவரும் ஓரமா நின்னுக்கிட்டாரு.

உருளி வந்தான். குனிஞ்சான். முட்டிய மடக்குனான். தும்பிக்கையத் தூக்கி நெத்தி மேல போட்டான். உள்ள போனான்.

வால் ஆடுறது நின்னுச்சு.

செம்பாயி கழுத்தை நீட்டிப் பாத்தா. உருளி மெதுவா பின்னாடி வந்து வெளிய தலைய நீட்டுனான். உதடெல்லாம் பச்சை.

"ம்மா."

"என்னடா?"

"வேப்பங்கொழுந்து வச்சிருக்க. முதல்லயே சொல்லியிருந்தா வழியில பலாப்பழத்தைத் தின்னு வயித்தை நிறைச்சிருக்க மாட்டேன்ல."

சொல்லிட்டு மறுபடியும் உள்ள போயிட்டான். வால் இந்தத் தடவை முன்ன விட வேகமா ஆடுச்சு.

மலைச்சரிவுல இருக்கிற வேப்பமரத்தையெல்லாம் மொட்டை அடிச்சதே அந்தப் பயதான். துள்ளான் குட்டி மான். பாலைத் தவிர வேற ருசி அறியாத வயசுல கசப்பு பட்டதும் பதறி ஓடுனான். உருளி காட்டுல இருக்கிற அத்தனையும் தின்னு பாத்தவன். அவனுக்கு அது தொட்டுக்க. பால் குடிக்கிறவன்னா வேற ஒண்ணும் திங்கத் தெரியாத பச்சப்பிள்ளைன்னு செம்பாயி நினைச்சா. அங்கதான் அவ கணக்கு பிசகிடுச்சு.

கூட்டம் கலைஞ்சுது. இப்பத்தான் பய ருசிச்சுக் குடிக்கிறான், இனிமே இவன் எங்க நிறுத்தப் போறான்னு மூக்காயி குட்டிங்களை ஓட்டிக்கிட்டுப் போனா. பாலோட வேப்பிலை சேந்தா வயித்துப் பூச்சிக்கு நல்லதுன்னு சிங்காரி தன் சொந்தக்காரங்களுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டே இறங்குனா.

பேச்சி தும்பிக்கையால மகனோட உதட்டைத் தடவி மோந்து பாத்தா. அப்புறம் திரும்பிச் செம்பாயியப் பாத்தா. செம்பாயியோட கடைவாய் ரெண்டு பக்கமும் அதே பச்சை.

"உண்ணியெல்லாம் எடுத்தாச்சா?"ன்னு மட்டும் கேட்டா.

திட்டியிருந்தா செம்பாயி எதிர்த்துப் பேசியிருப்பா. இதுக்கு அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பத்தான் மலைச்சரிவுல இருந்து துள்ளான் ஓடி வந்தான்.

விடலைப் பசங்களோட முட்டி விளையாடப் போன இடத்துல, பெரியவன் ஒருத்தன் இவன் கொம்பை மடக்கி விட்டிருந்தான். புதுசா மொளைச்ச கொம்பு, மேல தோல் கூட உரியல, உள்ள பூரா ரத்தம் ஓடுற பருவம். தோல் கிழிஞ்சு தொங்குச்சு. நெத்தியெல்லாம் ரத்தம். காட்டெருமையத் தாண்டி, பேச்சியத் தாண்டி, யாரையும் பாக்காம ஓடி வந்தான்.

"யம்மா."

வந்து செம்பாயி கழுத்துக்குக் கீழ தலைய வச்சான்.

எத்தனை நாள் அவ ஏங்குன விஷயம் அது. அவளுக்கு வேற எதுவும் தோணல. நாக்கை நீட்டி மகனோட நெத்தியில, புண்ணுல, ஆசை தீர ஒரு நக்கு நக்குனா.

துள்ளான் அலறிக்கிட்டு பின்னாடி குதிச்சான்.

பச்சைப் புண்ணுல வேப்பஞ்சாறு. நெருப்பு வச்ச மாதிரி எரிஞ்சுது. எரிச்சல் கூடப் பரவாயில்ல. அந்த வாசனை அவன் மூக்குல ஏறுச்சு. பால் கசந்த அன்னைக்கு அம்மாகிட்ட இருந்து வந்த அதே வாசனை. அவன் தள்ளி நின்னு அம்மாவோட பச்சை வாயைப் பாத்தான்.

"வேண்டாம்மா"ன்னான். ரொம்ப மரியாதையா, வேத்தாள்கிட்ட சொல்ற மாதிரி சொன்னான்.

"இருடா. கழுவிட்டு வந்துடுறேன். இங்கயே இரு, போயிடாத."

செம்பாயி குளத்துக்குள்ள பாஞ்சா. வாயைக் கொப்புளிச்சா. நாக்கைச் சேத்துல தேச்சா, கல்லுல தேச்சா, கோரைப்புல்லைக் கடிச்சுத் துப்புனா. வேம்பு ஒரு முழுக்குல போற சரக்கா? கொப்புளிக்கக் கொப்புளிக்கக் கசந்துச்சு. தலையத் தூக்கிப் பாக்குறப்ப துள்ளான் நின்ன இடத்துல இல்ல.

அவன் பேச்சிகிட்ட நின்னான். பேச்சி தும்பிக்கையில ஈரமண்ணை அள்ளி, ஈ மொய்க்காம அவன் கொம்பு மேல பூப்போல ஊதி அப்பிக்கிட்டு இருந்தா. உருளி கொஞ்சம் நகந்து இடம் விட்டான். துள்ளான் பேச்சி வயித்துக்கு அடியில போயி நின்னு கண்ணை மூடுனான். உள்ள கடகடன்னு சத்தம் கேட்டிருக்கும்.

வயித்தளவு தண்ணியில நின்னு செம்பாயி அதைப் பாத்தா. அந்த இடத்துல ஒரு பிள்ளை நிக்கக் கூடாதுன்னுதான் அவ இவ்வளவும் பண்ணுனா. இப்ப அங்க நிக்கிறது அவ பிள்ளை.

அடுத்த மழைக்காலத்துல உருளிக்குத் தந்தம் முனை விட்டுச்சு. வாழைத்தண்டு மாதிரி எல்லாம் இல்ல, நல்லாக் குத்துச்சு. டேய் வலிக்குதுடான்னு பேச்சி சொன்னா. கொஞ்ச நாள் தலையச் சாச்சுக் குடிச்சுப் பாத்தான். அப்புறம் ஒரு நாள் மூங்கில் தின்ன மும்முரத்துல மறந்துட்டான். மறுநாளும் ஞாபகம் வரல. அவ்வளவுதான், முடிஞ்சுது. கரையில ஒருத்தரும் அதைக் கவனிக்கல. அப்ப அவங்க வேற வேலையா இருந்தாங்க. கரடியோட குட்டி இந்த வயசுலயும் அம்மா முதுகுல ஏறிச் சவாரி போகலாமான்னு சிங்காரி கேட்டுக்கிட்டு இருந்தா.

செம்பாயி அந்தப் பேச்சுல சேரல. அவ எதிர்க்கரையில தனியா நின்னா. வேப்பமரத்துப் பக்கமே போறதில்ல. வெறும் புல்லை மட்டும் மேஞ்சுக்கிட்டு, விடலைங்க இறங்கி வர்ற பாதையப் பாத்துக்கிட்டே நின்னா.

அடுத்தவ பிள்ளை வாயைக் கசக்க வைக்கக் கிளம்புனா முதல்ல கசக்குறது நம்ம நாக்குதான், அது கசந்து கிடக்குற நேரம் பாத்துத்தான் நம்ம பிள்ளை நம்மளைத் தேடி வரும்.